கெபிக் கொப்பியில் நான் தாண்டிப்போன வரி

சேசு மரி சூசை துணை

மூன்றாம் டிவிஷன்,
கஹவத்தை.
2021 நவம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள மகள் ரோஷானிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் டிலானியும் மாதாவின் தயவால் இரண்டு மூக்குத் துவாரத்தாலும் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், குவைத்தில் நீயும் அப்படியே விட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம். கையெழுத்தைப் பார்த்து இது யார் எழுதிக் கொடுத்தது என்று தேடாதே. ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை, நான்தான் எழுதுகிறேன். அறுபத்தேழு வயது வரைக்கும் நீட்டிய இடத்திலெல்லாம் பெருவிரலை அழுத்திய அதே ஆள். ஒரு பக்கத்துக்கு ஒரு முற்பகல் முழுவதும் போகிறது, ஒரு வசனத்தை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருக்கிறது, அதைப் பார்க்கிற சந்தோஷத்தில் அடுத்த வசனம் மறந்துபோகிறது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுமுன் நீ அழுவாய், இல்லாவிட்டால் அந்த வீட்டம்மா உன்னைக் கூப்பிடுவாள், அதுவும் இல்லாவிட்டால் சிக்னல் போய்விடும். கடிதத்தில் நான் முடிக்கும் வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் உன் அம்மா உயிரோடு இருந்த காலத்திலேயே எழுதப் பழகியிருப்பேன்.

விஷயம் டிலானியின் பள்ளிக்கூடம். போன மாதம் இருபத்தோராம் திகதி திறந்தார்கள். அதற்கு முந்தின நாள் நீ போனில், 'வகுப்புலதானப்பா அவளுக்குக் கொரோனா வந்துச்சு, என் புள்ளைய மறுபடி அனுப்பவே அனுப்பாதீங்க' என்றாய், நானும் சரி மகள் என்றேன். உன் புருஷன் மெல்வினைக் கேட்டால் அவன் கொழும்புக் கடையில் இருந்துகொண்டு, 'ரோஷானி என்ன சொல்லுதோ அதுதான் மாமா' என்கிறான், நல்ல பிள்ளை, மாதத்துக்கு ஒருமுறை வருகிறவனுக்கு அதுதான் அழகு. ஆக, லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் காலையில் போகிறார்கள், உன் மகள் மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து அவர்களுக்கு டாட்டா காட்டுகிறாள். இன்றைக்குப் பதினெட்டு நாள். இதைப் பற்றித்தான் உன்னிடம் ஒரு காரியம் சொல்லவேண்டும், சொல்லக் கூச்சமாக இருப்பதால் முதலில் மற்றவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறேன், அது எனக்குச் சுலபம்.

போன வருஷம் முதல் தடவை பூட்டியபோது எல்லாவற்றையும் பூட்டினார்கள், பஸ் ஓடவில்லை, சந்தை இல்லை, வெளியிலிருந்து ஒரு குருவி உள்ளே வரவில்லை, நாங்கள் ரப்பர்ப் பால் வெட்டியதோடு சரி. ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன். இந்த வருஷம் சித்திரைக்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பஸ் ஓடியது, கடை திறந்தது, காலைப் பெரட்டுக்கு நூற்றிருபது பேர் தோளோடு தோள் நின்று பேர் கொடுத்தார்கள், பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு வாளி இடித்தது, பூட்டியது மட்டும் பள்ளிக்கூடத்தை. அந்தக் கிருமிக்குக் கரும்பலகை என்றால்தான் ஆசை, ரப்பர்ப் பாலின் வாடைக்கு அது கிட்டே வராது என்று துரைமாருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கட்டும் என்றார்கள். எந்த வீட்டில் என்று கேட்க ஆள் இல்லை. பத்துக் குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்ப் பீலி, இரண்டு கக்கூஸ், எங்கள் வீட்டில் நான் தும்மினால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் முத்துவீரன், 'நூறு வயசுடா ஒனக்கு' என்பான். தாய்மார் விடிந்ததும் வெட்டுக்குப் போக, கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் சேர்த்து விட்டார்கள், பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கட்டிய அறையில் முப்பத்தைந்து. பள்ளிக்கூடத்தில் இரண்டு வாங்குப் பலகைக்கு நடுவில் ஒரு மாடு போகலாம், பிள்ளைக் காம்பிராவில் ஒரு பூனை போக முடியாது. ஆனால் அது பள்ளிக்கூடம் இல்லையே, அதனால் பயம் இல்லை.

பிறகு போனில் வகுப்பு என்று வந்தது. உனக்குத் தெரியும், இந்த டிவிஷனில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மலை உச்சியில் மாதா சுரூபம் இருக்கிற கெபிதான், தோட்டத்துக்கே ஒரு கோடு வராத நாளிலும் மாதாவுக்கு நாலு கோடு வரும். ஆகவே இரண்டே இரண்டு போனைச் சுற்றி இருபத்திரண்டு பிள்ளைகள் அங்கே ஏறி உட்கார்ந்தார்கள். மழைக்கு ஒரு தறப்பாள், அந்தத் தறப்பாளுக்குள் இருபத்திரண்டு தலையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போனைப் பார்க்கும். அருள்செல்வி மிஸ் சிக்னல் உள்ள அடுத்த டிவிஷனில் தன் வீட்டிலிருந்து, 'பிள்ளைகளே, ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள்' என்பார், அதைக் கேட்பதற்காகப் பிள்ளைகள் இன்னும் கிட்ட நெருங்கும். பெரிய ஆள் ஒருவர் துணைக்கு வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள், குரங்கு விரட்டவும் அட்டை பிடுங்கவும். நான் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தேன். டிலானி முதலாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தைக் கண்டதே மொத்தம் இரண்டு மாதம். அவளுக்கு மிஸ் சொல்லிக்கொடுத்ததை நானும் ஒரு குச்சியால் மண்ணில் எழுதிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் என் பேரை எழுதினேன், இரண்டு மாதத்தில் மாதா கெபியின் கல்லில் வெட்டியிருப்பதை வாசித்தேன். நாற்பது வருஷமாக அது ஏதோ வேத வசனம் என்று நினைத்து அதன் முன்னால் முழங்காலில் நின்றிருக்கிறேன். வாசித்துப் பார்த்தால், கல்லுக்குச் செலவு செய்த பழைய கங்காணியின் பேர். மிஸ்ஸுக்குப் போனில் யார் வந்தது, யார் வராதது என்று தெரியாது, அதனால் என்னிடம், 'ஐயா, ஒரு கொப்பியில தினமும் வந்த புள்ளைங்க பேரை எழுதுங்க, யாருக்காவது சுகமில்லைன்னா பக்கத்துல அதையும் போடுங்க, உங்களுக்கும் எழுத்துப் பழகும்' என்றார். நான் எல்லார் பேரையும் எழுதிக் கடைசியில் என் பேரையும் எழுதுவேன், நானும் அந்த வகுப்பில் ஒரு பிள்ளைதானே.

இனி என் காரியத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் நாலாம் திகதி கொப்பி முடிந்துபோனது. யாரிடமாவது சொல்லிவிட்டிருந்தால் வாங்கி வந்திருப்பார்கள். எனக்கோ டவுனைப் போய் வாசிக்க வேண்டும் என்று ஆசை. பஸ்ஸில் இருக்கைக்கு மட்டும்தான் ஆள் என்று எழுதி ஒட்டியிருந்ததை, நாற்பது பேர் நிற்கிற நெருக்கத்தில் தொங்கிக்கொண்டே வாசித்தேன். கஹவத்தையில் அப்துல் ரஸாக் முதலாளியின் கடையில் கொப்பியும், அட்டையில் தொங்கவிட்டிருக்கும் கண்ணாடி ஒன்றும் வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், மகள், ஊர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் ஊமையாக நின்றதெல்லாம் என்னைப் பார்த்துப் பேசுகிறது. நான் ஒவ்வொரு பலகையாக நின்று சத்தமாக வாசித்தேன். ஆனால் மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படர்ந்து எழுத்து மறைகிறது. எழுத்தா மாஸ்க்கா என்று வந்தபோது மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டேன். மருந்துக்கடை வாசலில் பத்துப் பேர் வரிசையாக நின்று இருமிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு நடுவில் நுழைந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த சுகாதார அறிவித்தலைக் கடைசி எழுத்துவரை வாசித்தேன். இருமல் என்ற சொல்லை அங்கேதான் எழுத்துக்கூட்டிப் பிடித்தேன். இருமல் இருந்தால் வெளியே போகாதீர்கள் என்று அதில் இருந்தது. மிக நன்றாக வாசித்தேன்.

ஐந்து நாள் கழித்துத் திங்கட்கிழமை எனக்குத் தொண்டை கரகரத்தது. கெபிக்குப் போனேன். வழக்கம்போலப் பேர்களை எழுதி, கடைசியில் அல்பிரட் என்று எழுதி, புதிதாகப் படித்த சொல்லை எழுதிப் பார்க்கிற ஆசையில் பக்கத்தில் இருமல் என்றும் எழுதினேன். எழுதி அழகு பார்த்துவிட்டு, போன் சரியாகக் கேட்கவில்லை என்று பிள்ளைகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து அன்றைய பாடத்தை நானே உரக்க வாசித்துக் காட்டினேன், மாஸ்க் தாடையில். அன்று பின்னேரம் முத்துவீரனோடு ஒரே சுண்ணாம்பு டப்பாவில் வெற்றிலை. செவ்வாயும் புதனும் அப்படியே. வியாழக்கிழமை டிலானிக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் நாலு பிள்ளை. பிறகு இரண்டு லயத்திலும் இருபத்தாறு பேர், முத்துவீரனை மூச்சுத் திணறத் திணற இரத்தினபுரிக்குக் கொண்டுபோனார்கள். சுகாதாரம் பார்க்கிற பீ.எச்.ஐ. மாத்தயா வந்து வெளியே போய்வந்தது யார் என்று வீடுவீடாகக் கேட்டார். நான், 'இந்த வயசுல நான் எங்க மாத்தயா போறது' என்று சிங்களத்தில் அழகாகச் சொன்னேன். உனக்குப் போனில், பிள்ளைகள் வகுப்பென்று கூடி உட்கார்ந்ததில் வந்தது மகள் என்று சொன்னேன். நீ நம்பினாய். நான் சொன்னால் நீ எப்போதும் நம்புவாய், அதுதான் இப்போது எனக்கு உறுத்துகிறது.

குற்றம் ஓரிடத்தில் இறங்க வேண்டுமே, அருள்செல்வி மிஸ்ஸின் தலையில் இறங்கியது. பீலிக்கரை வழியாக மிஸ் வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார்கள். நம் தோட்டச் சங்கத் தலைவர் சாள்ஸ், உனக்குத் தெரியுமே, வாயிலிருக்கிற மாஸ்க்கைப் பேசுவதற்காகக் கழற்றுவார், பேச்சு முடிந்ததும் போட்டுக்கொள்வார், அவர் ஒரு பெட்டிசம் தட்டினார். மிஸ் பிள்ளைகளைக் கூட்டி நோயைப் பரப்பினார், மாற்ற வேண்டும், பள்ளிக்கூடம் திறக்கவே கூடாது என்று. வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கினார். என்னிடம், 'அண்ணே, நீங்கதான் இப்ப படிச்ச ஆளாச்சே, மொதல்ல நீங்க போடுங்க' என்றார். அதில் என்ன எழுதியிருந்தது என்று வாசிக்கத் தெரிந்த ஒரே கிழவன் நான். வாசித்தேன், போட்டேன். என் ஆயுளில் நான் போட்ட முதல் கையெழுத்து, எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவருக்கு எதிராகப் போட்டது. என்மேல் சந்தேகம் வராமல் இருப்பதற்கு அது நல்ல வழியாகத் தெரிந்தது.

திறப்பதற்கு ஐந்து நாள் இருக்கும்போது கூட்டம் வைத்தார்கள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்காருவது ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்ய, அதே பள்ளிக்கூடத்தில் நூற்றைம்பது பெரியவர்கள் மழைக்குப் படங்கு கட்டி அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வாசலில் மருந்துக் காம்பிராவின் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நெற்றியில் வைத்தார்கள், எல்லோருக்கும் முப்பத்திரண்டு. அந்தச் சூடுதான் நமக்கு என்றால் நாமெல்லாம் செத்து ஒருநாள் ஆகியிருக்க வேண்டும் என்று முத்துவீரன் சொன்னான், பதினாறு நாள் ஒட்சிசனில் கிடந்துவிட்டு வந்திருக்கிறான், மூன்று சொல்லுக்கு ஒருதடவை மூச்சு வாங்குகிறது, வாய் மட்டும் குறையவில்லை. இன்னொரு வேடிக்கை கேள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் போடச் சொல்லி எத்தனை வருஷம் கெஞ்சினோம், நீ படித்த காலத்திலேயே அரைச்சுவர்தான். இப்போது பார்க்க வந்த கல்வி அதிகாரி ஒருவர், நல்ல காற்றோட்டம், தோட்டப் பள்ளிகளுக்கே முன்மாதிரி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நம் தரித்திரத்துக்கு முதல் தடவையாகப் பாராட்டு.

சாள்ஸ் பெட்டிசத்தை உயர்த்திக் காட்டி, நோய் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதில் எண்பது கையெழுத்து இருக்கிறது என்றார். மிஸ் எழுந்து தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. 'அல்பிரட் ஐயாகிட்ட கொப்பி இருக்கு, யாரு யாரு எந்த நாள் வந்தாங்கன்னு அவர வாசிக்கச் சொல்லுங்க, அப்புறம் நீங்க என்ன முடிவெடுத்தாலும் சரி' என்று மட்டும் சொன்னார். வாசிக்கச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, மகள். தோட்டம் முழுவதும் நான் வாசிப்பதைக் கேட்கப்போகிறது. டிலானியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கண்ணாடியைப் போட்டு ஆரம்பித்தேன். வியாழன், வெள்ளி, பேர் பேராக, ஆட்கள் தங்கள் பிள்ளை பேர் வரும்போது தலையாட்டுகிறார்கள், பலருக்கு நான் வாசிப்பதே ஆச்சரியம். ஒன்பதாம் திகதிக்கு வந்தேன், இருபத்திரண்டு பேரை வாசித்தேன், அதற்குக் கீழே என் பேரைக் கண்டேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன். நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. டிலானி விரலை வைத்துப் பின்னால் வந்துகொண்டிருந்தாள், என் பேரைத் தினமும் பார்த்திருக்கிறாள். பக்கத்தைப் பழையபடி திருப்பி, 'தாத்தா, ஒரு வரி தாண்டிட்டீங்க, உங்க பேரு இருக்கு, பக்கத்துல இன்னும் என்னமோ எழுதியிருக்கீங்க' என்றாள். அருள்செல்வி மிஸ் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். நான் வாசித்தேன். அல்பிரட், இருமல். அடுத்த நாளும் அல்பிரட், இருமல். அதற்கு அடுத்த நாளும். பிறகு டிலானி, காய்ச்சல். டவுனுக்குப் போனதையும் சொன்னேன், கண்ணாடியையும் சொன்னேன்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். முத்துவீரனின் மனைவி புஷ்பம்தான் முதலில் எழுந்தாள், பதினாறு நாள் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்தவள், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. 'ஏண்ணே, இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்ச மனுசன், அத ஒரு தடவ வாசிச்சுப் பாத்திருக்கக் கூடாதா' என்றாள், சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். முத்துவீரன் மூச்சு வாங்கி வாங்கி, 'விடு புள்ள, படிச்சது அவன், பீஸ் கட்டுனது நான்' என்றான். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் சிரிக்கவில்லை. சாள்ஸிடம் போய் என் கையெழுத்தை அடித்துவிடச் சொன்னேன், அவர் பெட்டிசத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், அது பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை, அவர் சட்டைப்பைக்குள் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. மிஸ் மறுநாள் ஒரு புதிய கொப்பி கொடுத்தனுப்பியிருந்தார், அதிலிருந்து கிழித்த தாளில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது பள்ளிக்கூடம் நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பாதிப் பிள்ளைகள், மறுநாள் மீதிப் பாதி. வாங்குக்கு ஒரு பிள்ளை, மாஸ்க் மூக்குக்கு மேலே, தண்ணீர்ப் போத்தல் அவரவருக்கு. இருமினால் வீட்டில் இருக்கவேண்டும், இதைத்தான் மிஸ் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார், நான் போகும்போதெல்லாம் நின்று வாசித்துவிட்டுப் போகிறேன், எனக்காக ஒட்டியதுபோல இருக்கிறது. இனி வரவே வராது என்று நான் உனக்குச் சத்தியம் செய்யமாட்டேன், என் வார்த்தையின் விலை உனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்வேன். இந்தத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்றடி இடம் தனியாகக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று நினைக்கிறாயே, அவளுக்கு நோய் வந்தது வீட்டிலிருந்து, என் பாயிலிருந்து.

இன்னொன்றும் இருக்கிறது. கெபி வகுப்பு நின்று இரண்டரை மாதம் ஆகிறது. மே மாதத்தில் அவள் எனக்கு எழுத்துத் திருத்தினாள், என் கையைப் பிடித்து, 'இப்பிடி வளைக்கணும் தாத்தா' என்று சொல்லிக்கொடுத்தவள். போன கிழமை நான் எழுதியதை நீட்டினேன், மூன்றாம் எழுத்தில் நின்றுவிட்டாள், பிறகு வாசிப்பதுபோல் நடித்தாள். நடிப்பு எனக்குத் தெரியும், அறுபத்தேழு வருஷம் நடித்தவன். நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன், ரோஷானி. ஒரு கிழவன் ஆறு வயதுப் பிள்ளையைத் தாண்டிப் போனதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

நீ வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, அந்த வீட்டுப் பிள்ளைகள் இருமினால் உன் மாஸ்க்கை இறக்காதே, கண்ணாடி போடுகிறவர்கள் சொன்னால் நம்பாதே. எனக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று, மெல்வினுக்கும் போட்டாயிற்று. முத்துவீரனுக்காக ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொள், அவன் இந்துதான், மூச்சுக்கு அதெல்லாம் தெரியாது. இந்தத் தாள்களை அவன் மகன் சுமன் கெபியில் நின்று படம் பிடித்து உன் போனுக்கு இன்றைக்கே அனுப்புவான். தாளைத் தபாலிலும் போடுகிறேன், முத்திரை ஒட்டிப் பார்க்க வேண்டும் எனக்கு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சம்மதம் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள், சிலுவைப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீ சொல்லாமல் அதில் கைவைக்க மாட்டேன். முதல் கையெழுத்தைக் கெட்ட இடத்தில் போட்டுவிட்டேன், இரண்டாவதை இந்தக் கடிதத்தின் கீழே போடுகிறேன், மூன்றாவது உன் கையில் இருக்கிறது. பதிலை எனக்கு எழுதாதே, அவள் பேருக்கு எழுது. நான் வாசித்துக் காட்டமாட்டேன். நீளமாக எழுதினால் அவளால் முடியாது, ஒரே ஓர் எழுத்து எழுது. 'போ' அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

சேசுவின் ஆசீர் உன் தலைமேலும் உன் வேலை செய்யும் இரண்டு கைமேலும் இருப்பதாக.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்னதும் இதை எழுதியதும் ஒரே ஆளான
உன் அப்பா
சூ. அல்பிரட்